வராதவர்கள் கணக்கு

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் என்னோடு இருந்தவர்களுக்கு,

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் அந்தப் பழைய ஆண்டுவிழாப் படத்தைப் போட்டிருந்தீர்கள். கணக்கு சார் பரிசு வாங்குகிறார், கொடுப்பது என் அம்மா. படத்துக்குக் கீழே ஆளாளுக்குக் கைகூப்பியிருந்தீர்கள். அவர் இல்லையென்றால் நான் இன்ஜினியர் ஆகியிருக்க மாட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். கடலூரில் மண்டபம் பிடித்து அவருக்கு விழா எடுக்கப் போகிறோம் என்றும், அப்போதைய தலைமையாசிரியையின் மகள் என்பதால் விழா மலருக்கு நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றும் முடிவு செய்தீர்கள்.

எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஒரு வரியும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்ததுதான் இது. மலரில் போடுவதும் போடாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.

நான் உங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு வருஷம்தான் வந்தேன். எங்கள் வீடு சிதம்பரத்தில். அப்பாவுக்கு அங்கே அரசாங்க ஆபீஸில் வேலை. அம்மா அங்கேயே ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் நம் பள்ளிக்குத் தலைமையாசிரியை வேண்டும் என்று தாளாளர் கூப்பிட்டபோது அம்மாவுக்கு நாற்பது வயது. அம்மாவைச் சேர்த்துக்கொண்டபோது தாளாளர் சொன்னதை அம்மா வீட்டில் வந்து அப்படியே சொன்னார்.

“பசங்க வேற ஸ்கூலுக்குப் போய்கினே இருக்காங்க. ரிசல்ட்ட ஏத்திக் காட்டுங்க. ஒரு வருஷம் பாக்கறேன். வந்துச்சின்னா நீங்களே நிரந்தரமா இருங்க. வர்லன்னா பழைய எடத்துக்கே போயிடலாம்.”

அப்பா, “உனக்கு எதுக்கு இது” என்றார். அம்மா என்னையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தார். தன் பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்க்காத தலைமையாசிரியையை ஊர் எப்படி நம்பும் என்பது அம்மாவின் கணக்கு.

தினமும் காலையில் பாசஞ்சர் வண்டி. கிள்ளையைத் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறும். பரங்கிப்பேட்டையில் மீன் கூடைகள் ஏறும். கரித்தூள் கண்ணில் விழாமலிருக்க அம்மா முந்தானையால் என் முகத்தை மூடிவிடுவார். அந்தத் துணிக்குள் ஸ்டென்சில் மையின் வாசனையும் வியர்வை வாசனையும் இருக்கும். ஆலப்பாக்கம் வந்தால் இன்னும் எத்தனை ஸ்டேஷன் என்று எண்ண ஆரம்பிப்பேன். அந்த வருஷம் முழுவதும் அப்படித்தான்.

முதல் நாள் நான் வகுப்புக்குள் வந்ததும் நீங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. பெரிய டீச்சர் மகள் பக்கத்தில் உட்கார யாருக்குத்தான் துணிச்சல் வரும்? இடம் இருந்த பெஞ்சுகளில்கூட நகர்ந்து நிரப்பிக்கொண்டீர்கள். ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள். மீன் நாற்றம் அடிக்கிறது என்று அவள் பக்கத்திலும் நீங்கள் யாரும் உட்கார்வதில்லை. ஆக நாங்கள் இருவரும் சேர்ந்தோம்.

அவள் முதலில் கேட்டது இதுதான். “நீ இங்க நடக்கறத எல்லாம் உங்கம்மாகிட்ட போய் சொல்லுவியா?”

“மாட்டேன்.”

“சாமி சத்தியமா?”

கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவள் உடனே தன் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து பாதிப் புளியங்காயை எனக்குக் கொடுத்தாள். அந்தப் பெட்டியில் காம்பஸ் கிடையாது, டிவைடர் கிடையாது. ஒரு சின்ன சங்கும் பென்சில் துண்டும் புளியங்காயும்தான் இருந்தன.

ஜூன் மாதத்துக் கணக்கு சாரை நினைத்துப் பாருங்கள். ஒல்லியாக, கையை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டையில், முப்பதைத் தொடாத மனிதர். ஒரு வெள்ளரிக்காயை மேஜையில் வைத்து நறுக்கிப் பின்னம் நடத்தினாரே, நறுக்கியதையெல்லாம் நம்மையே சாப்பிடச் சொன்னாரே, அந்த ஆள். நாலு மணிக்கு மேல் கணக்கு வராத ஆறேழு பேரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார். வண்டிக்கு நேரமாகும்வரை நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். என் பெஞ்சுக்காரிக்கு அவர் மீனை வைத்துத்தான் வகுத்தல் சொல்லிக்கொடுத்தார்.

“உங்கம்மா கூடைல முப்பத்தாறு சங்கரா இருக்குது. கூறுக்கு நாலு போடுறாங்க. எத்தினி கூறு?”

“சின்ன சங்கராவா பெரிய சங்கராவா சார்?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

அம்மா கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. பள்ளி அப்போது இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். பிரேயர் முடிந்து அரை மணி கழித்து வரும் ஆசிரியர்கள் இருந்தார்கள். வகுப்பிலேயே தூங்குகிறவரும் இருந்தார். அம்மா வருகைப் பதிவேட்டைத் தன் மேஜைக்குக் கொண்டுவந்தார். பாடக் குறிப்பு எழுதாமல் வகுப்புக்குப் போகக் கூடாது என்றார். மாதாமாதம் தேர்வு வைத்தார். நன்றாக வேலை செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே மரியாதையா என்பது அம்மாவின் கேள்வி. வருஷக் கடைசியில் மிகச் சிறந்த ஆசிரியருக்கு மேடையில் பரிசு என்று அறிவித்தார். யார் சிறந்தவர் என்பதைத் தேர்ச்சி சதவீதம் சொல்லும்.

அதற்காக ஒரு சார்ட் வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் வீட்டில் தரையில் விரித்து அதற்குக் கோடு போட்டது நான்தான். மேலே இருக்கிறவர்களுக்குப் பச்சை, நடுவில் இருக்கிறவர்களுக்கு மஞ்சள், கீழே சிவப்பு. சிவப்பை நான் ரொம்ப அழுத்தி அடித்தேன். “பளிச்சுனு இருக்கு” என்று அம்மா பாராட்டினார்.

ஆசிரியர் அறைச் சுவரில் அது தொங்கிய அன்று மாலை கூட்டம் நடந்தது. தலைமையாசிரியை அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். நான் இந்தப் பக்கம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா குரலை உயர்த்தவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சார், நீங்க இன்னும் தற்காலிகம்தான். உங்க பேர நிரந்தரத்துக்கு நான்தான் எழுதி அனுப்பணும். இந்த ரிசல்ட்ட வச்சிக்கிட்டு நான் என்னன்னு எழுதறது?”

“அடுத்த டெஸ்ட்ல வந்துடும் டீச்சர்” என்றார், சிவப்பில் இருந்த கணக்கு சார். குரல் பையன் குரல் மாதிரி இருந்தது. அவருக்குக் கல்யாண வயதில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள் என்பதும், வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் எதுவும் நடக்கும் என்பதும் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் அவர் பிரம்போடு வந்தார். நாலு மணி வகுப்பு நின்றுபோனது. கணக்கு தெரிந்தவர்களை இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு போனார். தெரியாதவர்கள் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்த்தால் அடிக்கத்தான் பார்த்தார். பிரம்பை மேஜையில் ஒரு முறை தட்டுவார். நம் வகுப்பில் அந்தச் சத்தத்துக்கு ஒரு பையன் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனான். நாம் யாரும் சிரிக்கவில்லை என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அடுத்த மாதத் தேர்வுக்கு முந்தின நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவர் ஆறு பேரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். என் பெஞ்சுக்காரியும் அதில் இருந்தாள்.

“நாளைக்கு ஒருத்தனும் வரக் கூடாது. வயித்து வலின்னு இருந்துடுங்க. வந்து உக்காந்து முட்ட வாங்குனா டி.சி.ய கையில குடுத்துடுவேன். வெளிய யார்கிட்டயாவது சொன்னாலும் அதேதான்.”

சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். நான் திறந்துவைத்திருந்த குழாயைக் குனிந்து நன்றாக மூடிவிட்டுப் போனார்.

நாற்பத்தொரு பேர் வகுப்பில் தேர்வு எழுதியது முப்பத்தைந்து பேர். வராதவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள். கணக்கு சாரின் பெயர் பச்சைக்கு ஏறியது. பிரேயரில் அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். நாமும் தட்டினோம். என் பெஞ்சுக்காரியும் தட்டினாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கணக்குத் தேர்வுக்கும் அதே மிரட்டல்தான். அவள் பாடு மற்ற ஐந்து பேரைவிட மோசம். அவள் அம்மா கூடையில் மீன் விற்கிறவர். மகள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு மட்டம் போடக் கூடாது என்பதில் பிடிவாதமான பெண்மணி. வீட்டில் நின்றால் அடி விழும், பள்ளிக்கு வந்தால் டி.சி. அதனால் கணக்குத் தேர்வு நாட்களில் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே ஒரு கல் மேடை இருந்தது. தேர்வு முடிந்து மத்தியான மணி கேட்டதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

“பயமா இல்லியா?” என்று கேட்டேன்.

“ஆறு காஞ்சி கெடக்குது. என்னா பயம்? சார்தான் பயம்” என்றாள்.

இதெல்லாம் நம் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெரியவர்களில் ஒரே ஒருவர்தான் கண்டுபிடித்தார். நம் அறிவியல் டீச்சர். சார்ட்டில் கடைசியில், சிவப்பில் இருந்தவர். அவர் ஒரு நாள் அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க ரிசல்ட் கடைசில இருக்கு. அதனால உங்களுக்கு அப்படித் தோணுது டீச்சர்” என்றார்.

“என் ரிசல்ட்டுல எல்லாப் புள்ளைங்களும் இருக்குதுங்க டீச்சர். அதனாலதான் கடைசில இருக்கேன்.”

“ஒருத்தர் முன்னேறினா இன்னொருத்தருக்குப் பொறுக்காது. நான் எல்லா ஸ்கூல்லயும் பாத்துட்டேன்.”

அறிவியல் டீச்சர் எழுந்தார். “நீங்க ஒரு நாளு டெஸ்ட் அன்னிக்கி அந்த கிளாசுக்குள்ள வந்து தல எண்ணிப் பாருங்க. அது போதும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை வண்டியில் பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் அம்மா என் பக்கம் திரும்பினார். “உன் கிளாஸ்தானே. கணக்கு சார் யாரையாவது பரீட்சைக்கு வராதன்னு சொல்றாரா?”

எனக்கு அந்தத் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. செய்த சத்தியம் ஞாபகம் வந்தது. நான் சொன்னால் மறுநாள் நீங்கள் எல்லோரும் என்னைக் கோள்மூட்டி என்று ஒதுக்குவீர்கள் என்பது ஞாபகம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறார் என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது.

“இல்லம்மா.”

“நெஜமா?”

“நெஜமாத்தாம்மா.”

அம்மாவின் தோள்கள் தளர்ந்தன. என் தலையைத் தடவிக்கொடுத்தார். அடுத்த நாள் அறிவியல் டீச்சருக்கு மெமோ போனது. சக ஆசிரியர் மீது ஆதாரமில்லாமல் புகார் சொன்னதாக எழுதி, அவருடைய பணிப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். அன்று வகுப்புக்கு வந்த அறிவியல் டீச்சர் பாடம் நடத்தும் நடுவில் என்னை ஒரு தடவை பார்த்தார். கோபமில்லாத பார்வை. கோபித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அரையாண்டுத் தேர்வு கார்த்திகையின் கடைசியில் வந்தது. கணக்குத் தேர்வு அன்று காலையில் தூறல்தான். பதினொரு மணிக்கு வானம் உடைந்தது போலக் கொட்டியது. ஓட்டு இடுக்கு வழியாக விடைத்தாள்களில் தண்ணீர் சொட்டியது. நீங்கள் பெஞ்சுகளை நடுவில் இழுத்துப் போட்டு எழுதினீர்கள். என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மேற்கே இரண்டு நாளாக மழை, ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று யாரோ வராந்தாவில் பேசிக்கொண்டு போனார்கள். நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு அடுத்த கணக்கைப் போட்டேன்.

பன்னிரண்டரைக்குப் பள்ளியை விட்டுவிட்டார்கள். நான் அம்மா அறையில் வண்டிக்காக உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி இருக்கும். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். சாக்கிலிருந்து தண்ணீர் கோடாக ஒழுகியது. என் பெஞ்சுக்காரியின் அம்மா.

“டீச்சரம்மா, பொண்ணு இன்னும் வூட்டுக்கு வர்ல.”

அம்மா பதிவேட்டைப் பார்த்தார். “அவ இன்னிக்கு ஸ்கூலுக்கே வரலியேம்மா.”

“காலீல நாந்தான் தல வாரி அனுப்புனேன். பரீச்சன்னு சொல்லிட்டுத்தான் கெளம்பிச்சி.”

கணக்கு சார் விடைத்தாள் கட்டோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். “அந்தப் பொண்ணு அடிக்கடி இப்படித்தான் டீச்சர். லீவு போட்டுடும்” என்றார்.

“எம்பொண்ணு ஒரு நாளும் லீவு போட்டதில்ல” என்றார் அந்த அம்மா.

என் அம்மா மறுபடியும் பதிவேட்டைப் புரட்டினார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். விரல் ஒவ்வொரு தேர்வுத் தேதியிலும் நின்றது. கணக்கு சார் கட்டின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் அவிழ்த்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஆறு எங்கே, மேடை எங்கே, அவள் எந்தப் பக்கம் உட்காருவாள், எல்லாம். அவர் அந்த முடிச்சை நான்கு தடவை போட்டார். அத்தனை நேரம் நான் பேசாமல் இருந்தேன். இந்த அறுபத்தொரு வயதிலும் அந்த நான்கு முடிச்சுகளையும் என்னால் எண்ண முடியும்.

“பாலத்துக்கு அடியில” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. “சார் வராதன்னு சொன்னாரு. டெஸ்ட் அன்னிக்கெல்லாம் அவ பாலத்துக்கு அடியிலதான் இருப்பா.”

அந்த அம்மா சாக்கைப் போட்டுவிட்டு ஓடினார். என் அம்மா செருப்பில்லாமல் ஓடினார். ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஓடியது கணக்கு சார். இதையும் நான் சொல்லியாக வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது செந்நிறத் தண்ணீர் பாலத்தின் தூண்களில் பாதியைத் தொட்டிருந்தது. கல் மேடையே தெரியவில்லை. கணக்கு சார் மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. கரையில் இருந்தவர்கள் சட்டையைப் பிடித்து அவரை இழுத்துப் போட்டார்கள். சேற்றில் உட்கார்ந்து அவர் என்னவோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் படுத்து எட்டிப் பார்த்த ஒருவர்தான் அவளைக் கண்டார். தூணுக்கும் பாலத்துக்கும் நடுவில் இருந்த சந்தில் அவள் ஒடுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏற ஏற அவளும் ஏறியிருக்கிறாள். அவள் அம்மா போட்ட சத்தத்துக்குக் குப்பத்து ஆட்கள் கயிறும் கட்டுமரமுமாக வந்தார்கள். அவளைக் கீழே இறக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பையை இடுப்பில் தாவணித் துணியால் கட்டியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்தாள்.

அன்று ரயில் ஓடவில்லை. பஸ்ஸில் ஈரத்துணியோடு சிதம்பரத்துக்குத் திரும்பினோம். வெகுதூரம் வந்த பிறகு அம்மா கேட்டார்.

“அன்னிக்கு ஏன் இல்லன்னு சொன்ன?”

“பயமா இருந்துச்சும்மா.”

“சார்கிட்டயா?”

தலையாட்டினேன். பிறகு சொன்னேன், “உங்கிட்டயும்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவில்லை.

அம்மா அடுத்த நாளே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பரிசை நிறுத்தச் சொல்லி அம்மா தாளாளரிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

“பத்திரிகை அடிச்சாச்சும்மா. பெரிய அதிகாரிங்க வராங்க. மழையில ஒரு பொண்ணு ஆத்துப் பக்கம் போச்சி. பரிசுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? இத வெளிய சொன்னா ஸ்கூல் பேருதான் கெடும். ஒங்க பேரும்தான்.”

அம்மா எழுந்து கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். என் அம்மாவுக்கும் பயம் உண்டு என்று நான் அன்றுதான் பார்த்தேன். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஆண்டுவிழா. நீங்கள் போட்ட அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆனால் விழாவுக்கு மறுநாள் சார்ட் சுவரில் இல்லை. அம்மா தேர்வு நாட்களில் முதல் வண்டியில் வந்து, வராத பிள்ளைகளின் வீடுகளுக்குத் தானே போக ஆரம்பித்தார். குப்பத்துக்கும் போனார். மழைக்குப் பிறகு பத்து நாள் காய்ச்சலில் கிடந்து, பள்ளிக்கு வராமலே நின்றுவிட்ட என் பெஞ்சுக்காரியைத் திரும்பக் கூட்டிவர மூன்று தடவை நடந்தார். முதல் இரண்டு தடவையும் அவள் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது தடவை, “ஒங்க ரூம்புல ஒக்கார வெக்கறதுன்னா அனுப்பறேன்” என்றார். மாசி, பங்குனி இரண்டு மாதமும் நாலு மணிக்கு மேல் அம்மா அறையில் அந்த ஆறு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தொடங்கிய பத்தாம் நாள், யாரும் கூப்பிடாமலே, கணக்கு சார் வந்து வாசலில் நின்றார். அம்மா நாற்காலியைக் காட்டினார். அவர் உட்கார்ந்து ஒரு பையனின் நோட்டை இழுத்துக்கொண்டார். அவர் எழுதிய பென்சில் முனை இரண்டு தடவை உடைந்தது. பிள்ளைகள் ஆறு பேரும் பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டார்கள்.

முழு ஆண்டுத் தேர்வை நாற்பத்தொரு பேரும் எழுதினார்கள். சதவீதம் விழுந்தது. அம்மா அதில் கையெழுத்துப் போட்டுத் தாளாளரிடம் கொடுத்தார். தாளாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அம்மா சிதம்பரத்துக்குப் பழைய வேலைக்கே திரும்பினார், நானும் உங்களைவிட்டுப் போனேன். கணக்கு சாரின் பெயரை நிரந்தரத்துக்குப் பரிந்துரைத்த கடிதத்தைப் போகும் முன் அம்மாதான் எழுதினார். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, “அவர அப்படி ஆக்கினது நான்தானே” என்றார். நீங்கள் வணங்குகிற கணக்கு சார் அதற்கு அப்புறம் வந்தவர். அவரை நான் அறியேன். நல்லவராகவே இருந்திருப்பார்.

என் பெஞ்சுக்காரி நம் குழுவில் இல்லை. அவள் எங்கே என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. அறிவியல் டீச்சர் மெமோ வாங்கிய அந்த வருஷமே ராஜினாமா செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்குத் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மே மாதத்தில் ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பையில் மெமோவை ரத்து செய்த கடிதம் இருந்தது, அம்மா பதவியில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டது. தறிச் சத்தம் கேட்கும் ஒரு தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். நான் சொன்ன பொய்யை டீச்சர் இப்போது முகத்துக்கு நேரே சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அறிவியல் டீச்சர் கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. கடிதத்தை நின்றபடியே படித்து மடித்தார்.

“இப்ப எதுக்கு டீச்சர் இது?”

“நீங்க தல எண்ணிப் பாக்கச் சொன்னீங்க. நான் போய்ப் பாக்கல. என் கொழந்தய கேட்டேன்” என்றார் அம்மா. “கேட்டிருக்கக் கூடாது.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒன் பக்கத்துல ஒக்காருமே அந்தப் பொண்ணு, பரீச்ச எழுதுச்சா?”

“எழுதினா டீச்சர்.”

“கணக்குல எத்தினி?”

“இருபத்தெட்டு.”

“கடைசி மணி வரைக்கும் ஒக்காந்திருந்தாளா?”

“இருந்தா டீச்சர். எல்லாரும் பேப்பர குடுத்தப்புறம்தான் எழுந்தா.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கதவை முழுசாகத் திறந்து ஒதுங்கி நின்று, “வெயில்ல நிக்கறீங்களே, உள்ள வாங்க” என்றார்.

அம்மா காலை எடுத்து வைக்கவில்லை. நான் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.